ஒரு கேரக்டரா, ஐந்தா? வார்கிராஃப்ட் கிளாசிக் ஆட வந்த தம்பிக்குச் சொன்னது

போன மாதம் தம்பி போனில் கேட்டான்: "அக்கா, ஒண்ணே ஒண்ணு வெச்சு ஆடட்டுமா, இல்ல வேற வேற கிளாஸ்ல நாலஞ்சு ஆரம்பிக்கட்டுமா?" அவன் சேரப்போவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் எரா என்ற ஆன்லைன் விளையாட்டில்; கிளாஸ் என்றால் அதில் மேஜ், ஹண்டர் மாதிரி கேரக்டரின் வகை. லெவல் 60தான் அங்கே உச்சம். பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்டேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்டா உனக்கு? வேலை நாளில் ராத்திரி ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை மூணு மணி என்றான். ஆக எட்டு மணி நேரம்.

என் முதல் கேரக்டர் 60ஐத் தொட 200 மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டெட்டு மணியாகக் கணக்குப் போட்டால் அதுவே ஆறு மாதம். இரண்டு கேரக்டருக்கு நேரத்தைப் பங்குபோட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் இரண்டும் உச்சிக்கு வரும். அதனால் அவனுக்கு என் முதல் பதில்: மெயின் (உன் முதன்மைக் கேரக்டர்) 60 ஆகும்வரை இன்னொன்றை ஆரம்பிக்காதே.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2019 ஆகஸ்டில் கிளாசிக் வந்தபோது ஒரே மாதத்தில் ஐந்து கேரக்டர் எடுத்தேன். மேஜின் பனி மந்திரம் பிடித்தது, ஹண்டரின் கரடி பிடித்தது, விட மனசில்லை. நாலு மாதம் கழித்து எங்கள் கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) 40 பேர் சேர்ந்து மோல்டன் கோர் என்ற பெரிய குகைக்குள் நுழைந்தபோது, என் ஐந்தில் ஒன்றுகூட லெவல் 35ஐத் தாண்டவில்லை. அன்று ராத்திரி கில்ட் சாட்டில் அவர்கள் பேசியதை வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எந்த ஆட்டமானாலும் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் உழைத்துச் சேர்ப்பது அந்தக் கேரக்டரோடு நிற்கிறதா, உங்கள் அக்கவுண்ட் முழுக்கப் பரவுகிறதா என்பதுதான். கிளாசிக்கில் கிட்டத்தட்ட எல்லாமே கேரக்டரோடு நின்றுவிடும். குதிரை அதற்கு ஓர் உதாரணம். லெவல் 40இல் முதல் குதிரைக்குக் கிட்டத்தட்ட 100 தங்கம், 60இல் வேகக் குதிரைக்குக் கிட்டத்தட்ட 1000. ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ரெபுடேஷனும் (ஆட்டத்தில் உள்ள குழுக்களிடம் சேர்க்கும் நற்பெயர்) அப்படியே. ஆனிக்ஸியா என்ற டிராகனின் குகைக்குள் போக நீளமான குவெஸ்ட் (பணி) சங்கிலி ஒன்று உண்டு, அதையும் ஒவ்வொன்றும் முதலிலிருந்து முடிக்க வேண்டும்.

இன்றைய ரீடெய்ல் வார்கிராஃப்டில் (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வடிவம்) நிலைமை வேறு. 2024இல் 'தி வார் விதின்' விரிவாக்கம் கொண்டுவந்த வார்பேண்ட் முறையில் பல ரெபுடேஷன்கள் எல்லாக் கேரக்டருக்கும் பொது, பொது வங்கியும் உண்டு. கியரும் (ஆயுதம், கவசம்) வாரப் பரிசுப் பெட்டியும் தனித்தனி. அங்கே நாலு கேரக்டர் வைத்தாலும் நஷ்டம் குறைவு. ஃபைனல் ஃபேன்டஸி 14 நேர் எதிர்: ஒரே கேரக்டர் ஆயுதத்தை மாற்றினால் வேலையும் மாறிவிடும். எல்லாத் தொழிலையும் ஒருவரே கற்கலாம். இரண்டாவது கேரக்டர் எடுத்தால் அந்த நீளமான முக்கியக் கதையை முதலிலிருந்து நடக்க வேண்டும். அங்கே ஒன்றே போதும் என்பேன்.

சரி, கிளாசிக்கில் மெயின் 60 ஆயிற்று. இரண்டாவதை எதற்கு எடுப்பது? "வேறு கிளாஸ் பார்க்க ஆசை" என்பதும் நியாயமான காரணம்தான். ஆனால் கைமேல் பலன் தருவது இரண்டு.

முதலாவது, தொழில். ஒரு கேரக்டருக்கு இரண்டு முதன்மைத் தொழில்தான். என் ரோக் சுரங்கமும் மூலிகையும் வைத்திருக்கிறாள். மினிமேப்பில் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றைத்தான் தேட முடியும், அதனால் கனிமம், மூலிகை என்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். பழகிவிடும். அவள் எடுப்பதை வாங்கிக்கொள்வதற்காகவே ஒரு ஆல்கமிஸ்ட் (ரசவாதத் தொழில் செய்பவன்) வைத்திருக்கிறேன். ஆல்கமித் திறனை 300 வரை ஏற்ற லெவல் 35 போதும், 60 வரை இழுக்க வேண்டியதில்லை. அவன் அயர்ன்ஃபோர்ஜ் நகரத்தில் தபால்பெட்டி பக்கத்திலேயே நிற்பான். தோரியம் பார் ஒன்று, ஆர்கேன் கிரிஸ்டல் ஒன்று, பையில் ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன். ஒரு அழுத்தலில் ஆர்கனைட் என்ற உலோகப் பார். மறுபடி செய்ய இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். பொருள் வைத்த தபால் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரி ஆட உட்கார்ந்ததும் ரோக்கிடமிருந்து கிரிஸ்டலை அனுப்பிவிட்டு, என் பாட்டுக்கு ஆடி, படுக்கப் போகும் முன் ஆல்கமிஸ்டைத் திறப்பேன். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, ரோல். மெயின் அடிக்கிற ஆள் என்றால், இரண்டாவது ஹீலராகவோ (குணப்படுத்துபவர்) டேங்காகவோ (முன்னால் நின்று அடி வாங்குபவர்) இருக்கட்டும். டஞ்சனுக்கு (குழுவாக நுழையும் குகை, கோட்டை) ஆள் தேடும் சாட்டை ஒரு சாயங்காலம் கவனியுங்கள், யாருக்குப் பஞ்சம் என்று புரியும். இன்னொரு கேரக்டரே வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே ட்ரூயிட் எடுக்கலாம்; டேலன்ட் (திறன் தேர்வுகள்) மாற்றினால் அதே கேரக்டர் அடிக்கவும், குணப்படுத்தவும், டேங்க் ஆகவும் முடியும். டேலன்ட் மாற்ற முதலில் 1 தங்கம், பிறகு 5, அப்படியே ஏறி 50இல் நிற்கும். வாரம் இரண்டு முறை மாற்றுகிறவருக்கு அது பெரிய செலவு.

இரண்டாவதை வளர்க்கும்போது ரெஸ்டட் எக்ஸ்பியை (ஆடாத நேரத்தில் சேரும் போனஸ் அனுபவப் புள்ளி) வீணாக்காதீர்கள். இதைத்தான் தம்பிக்கு மூன்று முறை சொன்னேன். சத்திரத்திலோ தலைநகரத்திலோ லாக்அவுட் செய்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5 சதவீதம் சேரும். பத்து நாளில் ஒன்றரை லெவல் நிறையும், அதற்கு மேல் சேராது. காட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போனால் கால் பங்கு வேகம்தான். சேர்ந்த போனஸ் தீரும்வரை கொல்லும் ஒவ்வொன்றுக்கும் இரட்டை எக்ஸ்பி. திரையில் ஊதாவாக இருந்த எக்ஸ்பி கோடு நீலமாகியிருக்கும். நான் செய்வது இதுதான்: நீலம் இருக்கும்வரை நான் வளர்க்கும் ப்ரீஸ்ட், ஊதா ஆனவுடன் அவளைச் சத்திரத்தில் படுக்கவைத்துவிட்டு மெயினுக்குத் திரும்புவேன்.

விரல் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரியின் மந்திரத்தை இடைமறிக்கும் பட்டன் என் எல்லாக் கேரக்டரிலும் எஃப் தான். ரோக்குக்கு கிக், மேஜுக்கு கவுன்டர்ஸ்பெல், ஷாமனுக்கு எர்த் ஷாக். பயமாகும்போது தப்பிக்கும் பட்டன் எல்லாவற்றிலும் சி. கேரக்டர் மாறினாலும் விரல் தடுமாறாது. இதை முதல் நாளே அமைத்துக்கொள்ளுங்கள், லெவல் 40இல் மாற்றுவது கஷ்டம்.

பிறகு ஒரு நோட்டு. மூன்று வாரம் கழித்து ஒரு கேரக்டரைத் திறந்தால், எங்கே நிற்கிறோம், எதற்காக வந்தோம் என்பதே மறந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதிலேயே அரை மணி நேரம் போனால் அன்றைய ஆட்டத்தில் பாதி போயிற்று. அதனால் மூடும் முன் இரண்டு வரி எழுதிவைப்பேன். நேற்று ப்ரீஸ்டுக்கு எழுதியது: "36. பூட்டி பே சத்திரம். புலி குவெஸ்ட் பாதியில். பையில் சில்க் மூணு கட்டு, அதை வங்கியில் போடணும். தம்பியோட ட்ரூயிட் 30 வந்ததும் ஸ்கார்லெட் மொனாஸ்ட்ரி, ஞாயிறு மூணு மணிக்கு."