ஆறடி ஐந்து அங்குலப் பையனை எங்கே ஆட வைப்பது? கல்லூரி ஃபுட்பாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகன் மாநிலத்தில் சென்ட்ரல் மிச்சிகன் என்றொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜாம்பவான் என்று யாரும் சொல்லாத கல்லூரி. அங்கே டைட் எண்டாகச் சேர்ந்தவர் ஜோ ஸ்டேலி. பள்ளியில் ஓட்டப் பந்தயக்காரர். புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் பிரையன் கெல்லி அவரை எடை ஏற்றச் சொல்லி அஃபென்சிவ் டேக்கிளாக மாற்றினார். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2007 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே, 28ஆவது ஆளாக, சான் பிரான்சிஸ்கோ அணி ஸ்டேலியை எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு, அதே கல்லூரியில், அதே டைட் எண்ட் இடத்தில் இன்னொரு பையன் ஆடத் தொடங்கினான். சீசன் முடிந்ததும் அவனிடமும் டேக்கிளுக்குப் போகலாமே என்றார்கள். அவன் ஸ்காலர்ஷிப்பை உதறிவிட்டு விஸ்கான்சினுக்குப் போய், உதவித்தொகை இல்லாத மாணவனாக அணியில் சேர்ந்து, டிஃபென்சிவ் எண்டாக மாறினான். அவர்தான் ஜே.ஜே. வாட். 2011 டிராஃப்டில் 11ஆவது ஆள். 2012, 2014, 2015 என மூன்று முறை என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்ட வீரர்.

சொல்லப்பட்ட யோசனை ஒன்றுதான். ஸ்டேலி கேட்டதால் உயர்ந்தார், வாட் கேட்காததால் உயர்ந்தார். பெரிய உடம்பும் சுறுசுறுப்பும் சேர்ந்த பையன் கிடைத்தால் அவனை எங்கே நிறுத்துவது என்பது இவ்வளவு வழுக்கலான கேள்வி.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டைட் எண்ட் கொஞ்ச நேரம் எதிராளியை முட்டித் தடுப்பார், கொஞ்ச நேரம் ஓடிப் பந்து பிடிப்பார். அஃபென்சிவ் டேக்கிள் தாக்கும் அணியின் முன்வரிசை ஓரத்தில் நின்று, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கைக் காப்பவர். வழக்கமான ஆட்டத்தில் பந்து அவர் கைக்கே வராது. டிஃபென்சிவ் எண்ட் அந்த டேக்கிளைத் தாண்டிப் போய் குவாட்டர்பேக்கை வீழ்த்தப் பார்ப்பவர். மூன்று இடத்துக்கும் பதினேழு வயதில் வந்து நிற்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பையன்தான்: 6 அடி 4 அல்லது 5 அங்குலம், 230 முதல் 250 பவுண்டு, அதாவது 104 முதல் 113 கிலோ.

இங்கே நடக்கும் முதல் தவறு, இன்றைய எடையைப் பார்த்து முடிவெடுப்பது. பதினேழு வயதில் 240 பவுண்டு இருப்பவன் இருபது வயதிலும் அப்படியே இருக்கப் போவதில்லை. ஒருவன் என்ன சாப்பிட்டாலும் 255இல் நின்றுவிடுவான், இன்னொருவன் இரண்டே ஆண்டில் 300ஐத் தொடுவான். எவன் எப்படி என்பதைத் தராசு சொல்லாது. தோள் அகலம், இடுப்பெலும்பு, மணிக்கட்டு, கணுக்கால், அப்பாவும் அண்ணனும் எப்படி இருக்கிறார்கள் என்பவை ஓரளவு சொல்லும். கை நீளம் இன்னும் முக்கியம். டேக்கிளுக்கு 33 அங்குலத்துக்கு மேல் கை இருந்தால் நல்லது என்பது என்எஃப்எல்காரர்களின் கணக்கு. எடையை ஏற்றிவிடலாம், கையை நீட்ட முடியாது. கை குட்டையாக, உடம்பு கட்டையாக இருப்பவனை வரிசையின் உள்பக்கம், கார்டாக யோசிப்பதே நியாயம்.

இதை நிதானமாகச் செய்வதற்குப் பேர்போன இடம் அயோவா பல்கலைக்கழகம். 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கர்க் ஃபெரென்ட்ஸ் அதற்கு முன் தாக்கும் அணியின் முன்வரிசைக்குப் பயிற்சி கொடுத்தவர். டைட் எண்டாக அங்கே வந்த ராபர்ட் கேலரி டேக்கிளாக வளர்ந்து 2004 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகப் போனார். பள்ளியில் குவாட்டர்பேக்காகவும் ஆடிப் பார்த்த பிராண்டன் ஷெர்ஃப் அயோவாவில் டேக்கிளாகி, 2015இல் ஐந்தாவது ஆளாகப் போனார். சட்டங்களும் இந்தப் பொறுமைக்கு இடம் கொடுத்தன. ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது நெடுநாள் வழக்கம்; 2018இல் வந்த மாற்றத்தின்படி நான்கு ஆட்டங்கள் வரை களமிறங்கினாலும் அந்த ஆண்டு கணக்கில் கழியாது.

பொறுமை இல்லாத கோச்சுகள் இதன் மறுபக்கத்தில் தடுக்கி விழுவார்கள். ஒரே கோடையில் நாற்பது பவுண்டு ஏற்றச் சொல்வார்கள். பையனும் பீட்சாவும் பாலும் வேர்க்கடலை வெண்ணெயுமாகத் தின்று ஏற்றிவிடுவான். எந்தக் கால்வேகத்துக்காக அவனைத் தேடிப் பிடித்தார்களோ அது காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, பள்ளியில் ஆடிய இடத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. சின்ன ஊர்ப் பள்ளிகளில் எங்கே ஆள் இல்லையோ அங்கே பெரிய பையனைப் போடுவார்கள். சில நேரம் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் அவனே. லேன் ஜான்சனைப் பாருங்கள். டெக்சஸில் குரோவ்டன் என்ற சிற்றூரில் குவாட்டர்பேக், கில்கோர் ஜூனியர் கல்லூரியிலும் குவாட்டர்பேக். ஓக்லஹோமாவுக்கு வந்து டைட் எண்ட், பிறகு டிஃபென்சிவ் எண்ட், கடைசியில் டேக்கிள். 2013 டிராஃப்டில் நான்காவது ஆளாக ஃபிலடெல்ஃபியா எடுத்தது. அவருடைய பள்ளி வீடியோவை மட்டும் பார்த்து யாராவது டேக்கிள் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பள்ளி வீடியோவில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தன் தோள் உயரம்கூட இல்லாத பையன்களை ஒருவன் உருட்டிவிடுவதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? அதைவிட அவன் கூடைப்பந்து ஆடுவதைப் பார்க்கலாம். எதிராளியை மறித்துப் பக்கவாட்டில் நகரும்போது கால் பின்னுகிறதா, இடுப்பை இறக்கி நிற்க முடிகிறதா, ரீபவுண்டுக்குக் கூட்டத்தில் எகிறும்போது கை முந்துகிறதா என்பதெல்லாம் அங்கே பச்சையாகத் தெரியும். மல்யுத்தமும் குண்டெறிதலும் இதே போல உதவும். அன்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட் கல்லூரியில் கூடைப்பந்து மட்டும்தான் ஆடினார். 6 அடி 4 அங்குலம் என்பது அவர் ஆடிய கூடைப்பந்து இடத்துக்குக் குள்ளம். டைட் எண்டுக்குக் கச்சிதம். 2003இல் டிராஃப்ட் ஆகாமலே என்எஃப்எல்லின் சார்ஜர்ஸ் அணிக்கு வந்து, 116 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பிடித்தார். டைட் எண்டுகளில் அதுவே சாதனை.

வேகத்தை அளக்க வைக்கும் நாற்பது கஜ ஓட்டம் இன்னொரு மயக்கம். நேர்க்கோட்டில் நாற்பது கஜம் ஓடும் தேவை டேக்கிளுக்கு ஒரு சீசனில் எத்தனை முறை வரும்? அவனுக்கு வேண்டியது முதல் மூன்று அடி. அதையும் பின்னோக்கி வைக்க வேண்டும். டிஃபென்சிவ் எண்டுக்கு வேண்டியது ஓரத்தில் சாய்ந்து வளைந்து திரும்பும் இடுப்பும் கணுக்காலும். நேராகப் பறப்பவன் வளையத் தெரியாமல் குவாட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதைக் கல்லூரி ஆட்டம் நடக்கும் எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். தவிர, பையன்கள் சொல்லிக்கொள்ளும் நாற்பது கஜ நேரங்களில் பாதி கதை. தடகளப் போட்டியில் பதிவான நேரத்தை நம்புங்கள்.

சரி, பெரிய பையன் என்றால் வரிசைக்குத்தான் போக வேண்டுமா? டெரிக் ஹென்றி விஷயத்தில் பலர் அப்படித்தான் யோசித்தார்கள். ஃப்ளோரிடாவின் யூலி பள்ளியில் 12,124 கஜம் ஓடி, 1953 முதல் இருந்த தேசியப் பள்ளிச் சாதனையை முறித்தவர். ஆனாலும் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் 6 அடி 3 அங்குலம் இருந்தால் நிமிர்ந்து ஓடி அடிவாங்குவான், தடுப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராக்கிவிடலாம் என்ற பேச்சு இருந்தது. அலபாமா பல்கலைக்கழகம் அவரை ஓடவே விட்டது. 2015இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன், 2020இல் என்எஃப்எல்லில் ஒரே சீசனில் 2,027 கஜம். ஒருவன் ஒரு வேலையை இவ்வளவு செய்து காட்டிய பிறகு, உடம்பு அளவை வைத்து அதை மறுப்பது பிடிவாதம்.

இதற்கு நேர் எதிரான ஆசை, பெரிய கையும் உயரமும் இருப்பவனைக் குவாட்டர்பேக்காக்கிப் பார்ப்பது. லோகன் தாமஸ் வர்ஜீனியா டெக்குக்கு டைட் எண்டாகத்தான் அழைக்கப்பட்டார். அங்கே குவாட்டர்பேக்காகி மூன்று சீசன் தொடக்க வீரராக ஆடினார். 2014இல் நான்காம் சுற்றில் குவாட்டர்பேக்காகவே டிராஃப்ட் ஆனார். அது ஓடவில்லை. பழைய இடத்துக்கே திரும்பி, 2020இல் வாஷிங்டனுக்காக 72 பந்து பிடித்தார். கல்லூரிக்கு அந்த மூன்று ஆண்டு லாபம்தான், அவருக்கு? தரவரிசைத் தளங்கள் இப்படிப்பட்ட பையன்களுக்கு ‘அத்லீட்’ என்று ஒரு முத்திரை குத்துகின்றன. எங்கே வேண்டுமானாலும் ஆடுவான் என்று அதைப் படிக்கிறார்கள். எங்கே ஆடுவான் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை என்பதே அதன் நிஜப் பொருள்.

பையனும் பெற்றோரும் செய்யும் தவறு வேறு. அழைக்க வந்த கோச் “நீ டைட் எண்ட்தான்” என்று சொன்னதை அப்படியே நம்புவது. அவர் பொய் சொல்கிறார் என்றில்லை. அவருடைய அணியில் அடுத்த ஆண்டு இரண்டு டேக்கிள்கள் படிப்பு முடித்துப் போனால் அவர் பார்வை தானாக உங்கள் பையன் மீது திரும்பும். போன நான்கைந்து ஆண்டில் அந்தக் கல்லூரி டைட் எண்ட் என்று சேர்த்தவர்கள் இப்போது எந்த எண் ஜெர்சியில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 50 முதல் 79 வரையான எண்கள் வரிசைக்காரர்களுடையவை. அணிப் பட்டியல் எல்லாம் வெளியிலேயே கிடைக்கும். முதல் நாள் எந்தப் பயிற்சியாளரின் மீட்டிங் அறையில் பையன் உட்காருவான் என்றும் கேளுங்கள். வாக்குறுதியைவிட அந்த அறை உண்மையைச் சொல்லும்.

2021க்குப் பிறகு ஓராண்டு வெளியே உட்காராமலே கல்லூரி மாற முடிகிறது. அதனால் கோச்சுகளுக்கும் காத்திருக்க மனமில்லை, டேக்கிள் வேண்டுமானால் வளர்ந்த ஆளையே வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவருகிறார்கள். அயோவா பாணி வளர்ப்பு இனி எத்தனை இடத்தில் நடக்குமோ தெரியாது.

பையன் விரும்பாத இடத்துக்கு மாற்றப் பார்ப்பதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, வாட் கதையே போதும். ஒன்று மட்டும்: அவருக்கு டைட் எண்ட் வேலையும் வராமல் இல்லை. 2014இல் ஹூஸ்டன் அணி அவரை இடையிடையே அங்கே நிறுத்தியபோது மூன்று டச்டவுன் பிடித்தார்.

மாற்றுவது என்று முடிவானால், எப்போது என்பதிலும் சொதப்புகிறார்கள். அக்டோபரில் யாருக்கோ முழங்கால் போய்விட்டது என்று டிஃபென்சிவ் எண்டைத் தூக்கி டேக்கிளில் போட்டால் அவனுக்கு இரண்டும் வராமல் போகும். விதிகள் வசந்த காலத்தில் 15 பயிற்சி நாள் தருகின்றன. மாற்றிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு வசந்தம் முழுக்க ஒரே இடத்தில் விட்டுப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். தாமதமாகிவிட்டதே என்ற பயமும் வேண்டாம். யுசிஎல்ஏவில் அந்தனி பார் முதல் இரண்டு சீசனை ரன்னிங் பேக் கூட்டத்தில்தான் கழித்தார். 2012 சீசனுக்கு முன் புதிய பயிற்சியாளர் ஜிம் மோராவின் கீழ் வெளிப்புற லைன்பேக்கரானார். அந்த ஆண்டே 13.5 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), 2014 டிராஃப்டில் ஒன்பதாவது ஆள்.