கடன் அடைக்கிறப்ப நாங்க பண்ணின தப்புங்க, நீங்க பண்ணாதீங்க

எங்க வீட்டு அடுப்படி செவுத்துல ஒரு தினசரி காலண்டர் தாள் ஒட்டி இருக்கு. தேதி 2021 ஜனவரி 17, பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. பின்பக்கம்தான் முன்னாடி தெரியுற மாதிரி செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கோம், ஏன்னா அதுலதான் அன்னைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் உக்காந்து எல்லா கடனையும் எழுதினோம். நகைக் கடன் 3 ரசீது சேர்த்து 2,35,000. கிரெடிட் கார்டு ரெண்டு, 1,12,000. பர்சனல் லோன் பாக்கி 1,80,000. பைக் லோன் 48,000. 3 வட்டிக்கு வாங்கினது 1,00,000. குழு லோன் 35,000. மளிகைக் கடை, எங்க அண்ணன்கிட்ட கைமாத்து எல்லாம் சேர்த்து 30,000. மொத்தம் 7,40,000.

இதுல முதல் தப்பு என்னன்னா அந்த 7,40,000ங்கிற நம்பர் அன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேருக்குமே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது 5,28,000 மட்டும்தான், கார்டும் 3 வட்டியும் அவர் சொல்லவே இல்ல. அவருக்குத் தெரிஞ்சது 6,62,000, ஏன்னா லாக்டவுன்ல கம்பெனி மூடினப்ப நான் செயின் அடகு வெச்சு 78,000 வாங்கி வீட்டுச் செலவு, பையன் ஃபீஸ்னு ஓட்டினத நான் சொல்லல, ரசீது அரிசி டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் மறைச்சோம், ஆனா மறைச்ச கடனுக்குத்தான் வட்டி தனியா, திருட்டுத்தனமா, வேற எங்கயாவது கைமாத்து வாங்கிக் கட்டிட்டு இருந்தோம். அவர் பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர், நான் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்ல டேலியில கணக்கு எழுதுறேன், ஊரான் கணக்கு பைசா சுத்தமா எழுதுற நான் எங்க வீட்டுக் கணக்க எழுதலங்கிறது இன்னைக்கும் எனக்கு வலிக்கும். அதனால சொல்றேன், மத்தத எல்லாம் அப்புறம் பாருங்க, முதல்ல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே தாள்ல எழுதுங்க. யாருகிட்ட, எவ்வளவு, என்ன வட்டி, எந்த தேதி. ஆப்ல எழுதுறதும் எழுதலாம், ஆனா செவுத்துல இருந்தா தினம் கண்ணுல படும்.

ரெண்டாவது தப்பு, நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது. நாங்க சத்தம் போடுற கடனுக்குத்தான் முதல்ல கட்டிட்டு இருந்தோம். யாரு வாசல்ல வந்து நிக்கிறாங்களோ, யாரு நாலு பேர் முன்னாடி கேட்டுருவாங்களோ அவங்களுக்கு. மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தா 2,000 குடுத்துருவோம். எங்க அண்ணன் எதுவும் கேக்க மாட்டார், ஆனா அண்ணி முகத்த பார்க்க முடியலன்னு அங்க 5,000. சத்தமே போடாம தின்னுட்டு இருந்தது கார்டும் 3 வட்டியும்தான். 3 வட்டின்னா 100க்கு மாசம் 3 ரூபா, கேக்க சின்னதா இருக்கும், வருசத்துக்கு 36% ஆச்சு. 1 லட்சத்துக்கு மாசம் 3,000. குடுத்தவர் நல்லா பழகுறவர், வட்டி மட்டும் வந்தா போதும்மா, அசல் மெதுவா குடுங்கன்னுதான் சொல்வார், அவருக்கு என்ன, அசல் வராம இருந்தாதானே வருமானம்.

கார்டு அதுக்கும் மேல. எங்க கார்டுல மாசம் 3.5% வட்டி, வருசத்துக்கு 42%, அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி. 1,12,000க்கு வட்டி 3,920, ஜிஎஸ்டி 705 சேர்த்து 4,625. ஸ்டேட்மென்ட்ல மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் குறைஞ்சது கட்ட வேண்டியது, 5,600னு வரும், அவர் அத மாசம் தவறாம கட்டிட்டு நான் கரெக்டா கட்டிட்டுதான் இருக்கேன்னு நம்பிட்டு இருந்தார். 5,600ல 4,625 வட்டிக்கே போச்சுன்னா அசல்ல கழிஞ்சது 975 ரூபா. அந்த மாசமே பெட்ரோலுக்கு 1,500 தேய்ச்சிருப்பார். இன்னொன்னு, பழைய பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிறதுக்கு அந்த வட்டியில்லா நாள் கணக்கு கிடையாது, தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். இத கார்டு வெச்சிருக்கிற பாதி பேருக்கு யாரும் சொல்லித் தர்றதில்ல.

நகைக் கடன் 2,35,000க்கு பேங்க்ல 9% வட்டி, மாசத்துக்கு 1,762 ரூபாதான். பாருங்க, பார்க்கப் பெரிய கடன் இதுதான், ஆனா கார்டு திங்குறதுல பாதி கூட இது திங்கல. தாள்ல வட்டிய எழுதினப்பதான் இது புரிஞ்சுது. இதுக்கப்புறம் எல்லாத்துக்கும் மாசம் கட்ட வேண்டியத கட்டிட்டு, மேல மிஞ்சுற பணம் எல்லாம் வட்டி அதிகமான கடனுக்குன்னு முடிவு பண்ணோம். குழு லோனை மட்டும் ஒரு வாரம் கூட தவற விடக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டோம், நம்ம கட்டலன்னா மத்த பொம்பளைங்க தலையில விழும், அவங்களும் நம்ம மாதிரிதான்.

முடிவு பண்ணிட்டும் தப்பு பண்ணோம். அந்த வருசம் தீபாவளி போனஸ் வந்துச்சு, கூட கொஞ்சம் போட்டு பைக் லோனை முழுசா முடிச்சுட்டார். இன்னொண்ணும் முடிஞ்சுதேன்னு ஒரு நிம்மதி, அத நான் குறை சொல்ல மாட்டேன், அன்னைக்கு ராத்திரிதான் அவர் நல்லா தூங்கினார். ஆனா பைக் லோன் வட்டி கார்டு வட்டியில பாதி கூட இல்ல, அதே பணம் கார்டுக்குப் போயிருந்தா ஆறேழு மாசம் முன்னாடியே கார்டு முடிஞ்சிருக்கும். மளிகைக் கடை பாக்கி மாதிரி 5,000, 6,000 சின்னத முதல்ல முடிச்சு தெம்பு வர வெச்சுக்கிறது சரி, பெரிய தொகைய அந்த நிம்மதிக்காகக் கொட்டக் கூடாது.

கடன் வாங்கி கடன் அடைக்கிறது பத்தி. அந்த 1,80,000 பர்சனல் லோன் எதுக்கு வாங்கினதுன்னு நினைக்கிறீங்க, 2019ல கார்டை அடைக்கத்தான். 42% கடனை 15% கடனா மாத்தினது தப்பே இல்ல, புத்திசாலித்தனம்தான், ஆனா கார்டை க்ளோஸ் பண்ணாம பர்ஸ்லயே வெச்சோம் பாருங்க, அங்கதான் தப்பு. லிமிட் திரும்ப காலியா இருந்துச்சு, ஒன்றரை வருசத்துல 1,12,000 ஏறிருச்சு, லோனும் இருக்கு கார்டும் இருக்கு. மாத்தினா பழையத அன்னைக்கே மூடிடுங்க, மூடினதுக்கு மெயில் வாங்கி வைங்க.

அப்படி மாத்துறப்ப ஃப்ளாட் ரேட்டுன்னு ஒருத்தர் சொல்வார், அத கவனிங்க. எங்ககிட்ட ஒரு ஃபைனான்ஸ் ஆள் வந்து 12%தான்மா, 3 வருசம், எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சுடலாம்னார். 1 லட்சத்துக்கு 12%, 3 வருசத்துக்கு 36,000, மொத்தம் 1,36,000ஐ 36ஆ வகுத்தா மாசம் 3,778. சரியாத்தான இருக்குன்னு தோணும். ஆனா நீங்க மாசாமாசம் அசலையும் திருப்பிக் குடுத்துட்டே இருக்கீங்க, ரெண்டாவது வருசம் உங்க கையில 1 லட்சமே இல்ல, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போட்டுட்டு இருக்காங்க. குறையுற பாக்கிக்கு வட்டி கணக்குல பார்த்தா அது 21% வருது. கேக்க வேண்டியது ஒரே கேள்வி, ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா? அந்த ஆள் ஃப்ளாட்னு சொன்னதும் நான் டீ குடுத்து அனுப்பிட்டேன்.

இப்ப வளையல் கதை. அடகுக்குப் போகாம கையில இருந்தது ஒரு 3 பவுன் வளையல் மட்டும்தான். 2021 மார்ச்ல அத வித்து 3 வட்டி 1 லட்சத்த ஒரே அடியா முடிச்சேன். கடையில தராசுல வெச்சப்ப 23 கிராம் சொச்சம் காட்டுச்சு, 24 இருக்கணும், 12 வருசம் தேய்ஞ்சிருக்கு, அது வேற. 3 வட்டி போனது பெரிய விடுதலை, மாசம் 3,000 மிஞ்சுச்சு. ஆனா 2025 அக்டோபர்ல பவுன் 90,000ஐ தாண்டினப்ப சொந்தக்காரங்க எல்லாம் வித்துட்டியேம்மான்னாங்க. நானும் கணக்கு போட்டேன். விக்காம இருந்திருந்தா அதுவரைக்கும் நாலரை வருசத்துக்கு வட்டி 1,62,000, அசல் 1,00,000, ஆக 2,62,000. 23 கிராம் சொச்ச வளையல் அப்ப 2,60,000 கிட்ட. வெறும் கணக்குப்படி ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான். அதுலயும் அந்த மாசம் 3,000 எங்ககிட்ட இல்லவே இல்ல, அதையும் எங்கயாவது வாங்கித்தான் கட்டியிருப்போம். அதனால வட்டிய முடிச்சதுல எனக்கு வருத்தமே இல்ல. உண்மையான தப்பு வேற, விக்காம அதையே பேங்க்ல 9%க்கு அடகு வெச்சு 70,000, 75,000 வாங்கி 3 வட்டியில பெரும்பகுதிய அடைச்சிருக்கலாம், வட்டி நாலுல ஒரு பங்கா ஆகியிருக்கும், வளையலும் இருந்திருக்கும். அப்ப எனக்கு அடகுன்னாலே வெறுத்துப் போயிருந்துச்சு, யாருகிட்டயும் கேக்காம அவசரப்பட்டுட்டேன். உங்ககிட்ட நகை இருந்து வெளியில 3 வட்டி, 5 வட்டி ஓடிட்டு இருந்தா இத முதல்ல யோசிங்க.

நகைக் கடன்ல எல்லாரும் பண்றது, வருசா வருசம் வட்டிய மட்டும் கட்டி மாத்தி வைக்கிறது. எங்களுக்கு வருசம் 21,000 சொச்சம் அப்படியே போச்சு, அசல்ல 1 ரூபா குறையல. இன்னொரு ஆபத்து, தங்கம் ஏறுறப்ப இதே நகைக்கு இன்னும் 50,000 தரலாம் மேடம், வாங்கிக்கிறீங்களான்னு கேப்பாங்க. அது உங்களுக்கு வந்த லாபம் இல்லங்க, இன்னொரு கடன். 2025ல எங்க பேங்க்ல வட்டி மட்டும் கட்டி மாத்தி வைக்க முடியாது, முழுசா கட்டி மீட்டுட்டு மறுநாள் திருப்பி வைங்கன்னுட்டாங்க, அந்த ஒரு நாளைக்குப் பணம் பெரட்ட லட்சத்துக்கு 1,000 ரூபா வட்டிக்குக் குடுக்க வெளியில ஆள் நிக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் அசல்ல 5,000மோ 10,000மோ குறைச்சு வெச்சிருந்தா நமக்கு அந்த ஓட்டம் இருந்திருக்காது. செயின் ரெண்டையும் நாங்க அப்படி குறைச்சுக் குறைச்சுத்தான் மீட்டோம்.

கையில ஒண்ணுமே வெச்சுக்காம எல்லாத்தையும் கடனுக்குக் கட்டினதும் தப்பு. 2021 நவம்பர்ல சீட்டுப் பணம் எடுத்து 30,000ஐ கார்டுக்குக் கட்டின நாலாம் நாள் பையனுக்கு டெங்கு, ஆஸ்பத்திரி பில்லு 22,000. எந்த கார்டை அடைச்சோமோ அதையே திரும்ப தேய்ச்சோம், கவுண்டர்ல அவர் கை நடுங்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கடன் எவ்வளவு இருந்தாலும் 15,000 தனியா போஸ்ட் ஆபீஸ்ல கிடக்கும், தொடுறதில்ல.

சீர் செலவு பத்தி சொல்லாம இருக்க முடியாது. அவர் தங்கச்சி பொண்ணுக்கு சீர் வந்துச்சு, தாய்மாமன் இவர்தான். 1 பவுன் செயின், பட்டு, தட்டு வரிசைன்னு குறைவில்லாம செய்யணும்னு 40,000 புதுசா கடன் வாங்கினார், நானும் தடுக்கல, நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு எனக்கும் பயம். ஒரு வருசம் கழிச்சு பேச்சுவாக்குல எங்க நிலைமை தங்கச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு, அது அழுதுடுச்சு. ஏண்ணா, சொல்லியிருந்தா ஒரு புடவையோட நீ வந்து நின்னாலே போதும்னு சொல்லியிருப்பேனேன்னுச்சு. வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லுங்க. நெருங்கினவங்க யாரும் நம்ம கடன்ல மூழ்கி அவங்களுக்கு செய்யணும்னு நினைக்க மாட்டாங்க.

வசூல் ஆளுங்க போன் பண்ணினா எடுக்காம ஓடாதீங்க, நாங்க ஓடினோம், அபராதம்தான் ஏறுச்சு. காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிட அவங்களுக்கு அனுமதி இல்ல, ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. கந்து வட்டிக்கு எதிரா நம்ம மாநிலத்துல 2003ல இருந்தே சட்டம் இருக்கு, மிரட்டினா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம். பாதி கட்டுங்க, செட்டில்மென்ட் பண்ணிக்கலாம்னு சொன்னாங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. எங்க சித்தி பையன் அப்படி முடிச்சான், நம்ம கடன் வரலாறு காட்டுற சிபில் ரிப்போர்ட்ல அது க்ளோஸ்டுன்னு வராம செட்டில்டுன்னு நின்னுபோச்சு, ரெண்டு வருசம் கழிச்சு வீட்டு லோனுக்குப் போனப்ப அதையே காட்டி இல்லன்னுட்டாங்க. வேற வழியே இல்லாதவங்களுக்கு அது ஒரு வழிதான், வழி இருக்கிறவங்க முழுசா கட்டுங்க.

ஹவுசிங் லோன் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2022 மே மாச ஆரம்பத்துல 4%ல இருந்த ரெப்போ ரேட் (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்கிற வட்டி) 2023 பிப்ரவரிக்குள்ள 6.5% ஆச்சு, அப்ப நிறைய பேருக்கு இஎம்ஐ அப்படியே இருந்துச்சு, கட்ட வேண்டிய வருசம்தான் கூடிப்போச்சு, எங்க அண்ணனுக்கு ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்க்கிற வரைக்கும் தெரியவே இல்ல. தனி ஆள் பேர்ல இருக்கிற ஃப்ளோட்டிங் ரேட் (வட்டி ஏறி இறங்குற) வீட்டு லோனுக்கு முன்கூட்டி கட்டினா அபராதம் கிடையாது, மொத்தமா கொஞ்சம் பணம் கட்டுறப்ப இஎம்ஐய குறைக்காதீங்க, மாசத்த குறைங்கன்னு எழுதிக் குடுங்க.

கடைசியா, கட்டி முடிச்சதும் அப்பாடான்னு விட்டுட்டது. பைக் லோன் 2021லயே முடிஞ்சுதா, 2024ல பைக்கை விக்கப் போனா ஆர்சியில ஃபைனான்ஸ் பேர் அப்படியே இருக்கு. கடன் பாக்கி இல்லன்னு ஃபைனான்ஸ்ல குடுக்கிற என்ஓசி லெட்டர் வாங்கி, ஃபார்ம் 35 போட்டு ஆர்டிஓவுல அத எடுக்கணும்னு எங்களுக்குத் தெரியல, மறுபடி என்ஓசிக்கு ரெண்டு மாசம் அலைஞ்சோம், வாங்க வந்தவர் போயிட்டார். பத்திரம் வெச்சு வாங்கின கடன்னா, முழுசா கட்டின 30 நாளுக்குள்ள ஒரிஜினலைத் திருப்பித் தரணும், அவங்க தப்பால தாமதமானா நாளைக்கு 5,000 ரூபா நமக்குத் தரணும்னு 2023 டிசம்பர்ல இருந்து விதி இருக்கு, தேதி குறிச்சு வெச்சுக் கேளுங்க. சிபில் ரிப்போர்ட் வருசத்துக்கு ஒரு தடவை இலவசம், முடிச்ச கடன் எல்லாம் முடிஞ்சதா காட்டுதான்னு பாருங்க. எங்களுக்கு ஒரு கார்டு மூடி எட்டு மாசம் ஆகியும் திறந்தே இருந்துச்சு, புகார் போட்டப்புறம்தான் சரி பண்ணாங்க.

காலண்டர் தாள்ல இப்ப அடிக்காம இருக்கிறது ஒரே வரிதான், எங்கம்மா போட்ட ஆரம். 92,000ல ஆரம்பிச்சது, இப்ப 38,000ல நிக்குது, வைகாசியில மீட்டுடுவோம்.