புதுச்சேரி கடற்கரையில் தங்கப் போகிறீர்களா?

கடற்கரைச் சாலைப் பக்கம் அறை போட்டிருந்தால், மாலை 6 மணிக்குள் காரோடு வந்து சேருங்கள். அப்புறம் காலை 7.30 வரை அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மறுநாள் கடலூர் சாலையில் நோணாங்குப்பம் போய், சுண்ணாம்பாறு படகு குழாமில் காலையிலேயே பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறிவிடுங்கள். ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் மணல்வெளி அது. உச்சிவெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அலை இழுக்கும், கணுக்கால் நனைத்தால் போதும். குழந்தைகளின் கையை மட்டும் விடவே விடாதீர்கள்.

கடலூர் வரை போக நேரமிருந்தால், தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சை மாலைக்கு வையுங்கள். வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும், மணலும் ஆறியிருக்கும்.