வட்டியில் காணாமல்போன 65 ரூபாய்

ஜூன் 2025 கணக்குக் கூற்று கையில் வந்ததும் ஐந்து நாள் தூக்கம் போனது. மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. ஆண்டு வட்டி 4 வீதம். மாதத் தொடக்கத்தில் 1,00,000 ரூபாய் இருந்தது. 13ஆம் திகதி 2,00,000க்குக் காசோலை ஒன்றை வைப்பிலிட்டேன். மாத முடிவில் கிடைத்த வட்டி 657.53. வரியாகக் கழிந்தது 65.75.

முதலில் மாதக் கடைசி மீதிக்கு வட்டி போட்டு, 1,000 ரூபாயை எதிர்பார்த்தேன். அது என் மடமை. வட்டி ஒவ்வொரு நாள் மீதிக்கும் தனித்தனியாகக் கணிக்கப்படுகிறது. அப்படிப் போட்டால் 723.29 வந்தது. குறைவது 65.76. வரியும் கிட்டத்தட்ட அதே தொகை! வரியை இரு தடவை பிடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, மச்சானிடமும் சண்டைக்குப் போகும் குரலில் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் இலங்கையில் வட்டிக்கு 10 வீத வரி என்பதால் சந்தேகம் இன்னும் வலுத்தது.

அந்த ஒரு சதம்தான் உறுத்தியது. வரி என்றால் சதமும் ஒத்திருக்க வேண்டுமே?

கூற்றில் இரண்டு திகதி நிரல்கள் இருந்தன. பதிவுத் திகதி 13, வெள்ளிக்கிழமை. பெறுமதித் திகதி 16, திங்கள். காசோலை தீர்வாகி, பணம் உண்மையில் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் வட்டி ஓடும். 1,00,000க்கு 15 நாள், 3,00,000க்கு 15 நாள் என்று 365ஆல் வகுத்தேன்: 657.53. மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.