அமெரிக்கத் தலைவருங்க பேச்சுல கோபம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ரங்கூன் அனவ்ரதா ரோட்டு காளியம்மன் கோயில்ல பூஜை முடிஞ்சு டீக்கடையில வந்து உக்காந்தா இப்ப எல்லார் போன்லயும் அமெரிக்கா வீடியோதான். ஒரு தம்பி டிரம்ப் பேச்ச காட்டுறான், இன்னொருத்தன் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பேச்ச காட்டிட்டு "ரெண்டு பேரும் உழைக்கிறவன ஏமாத்திட்டாங்கன்னுதான சொல்றாங்கண்ணே, அப்புறம் ஏன் சண்ட?"ன்னு கேக்குறான். நல்ல கேள்வி. நாம தூர நின்னு வேடிக்க பாக்குற விஷயமும் இல்ல இது, 2025 ஜூன்ல பர்மாக்காரங்க அங்க போறதுக்கே தடை வந்துச்சு, ஆகஸ்ட்ல நம்ம சரக்கு மேல 40% வரி. அதனால இந்தப் பேச்சுங்கள நான் எப்படி கேக்குறேன்னு எழுதுறேன்.

கையில ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. பேசுறவரு "ஜனங்க"ன்னு யார சொல்றாரு, யார எதிரிங்கிறாரு, ரெண்டையும் எழுதுங்க. "ஜனங்க ஒரு பக்கம், அவங்கள ஏமாத்துற மேல்தட்டு ஒரு பக்கம்"னு பேசுற அரசியலுக்குப் பேரு பாப்புலிசம். இடதுசாரி பாப்புலிசத்துல பெரும்பாலும் எதிரி மேல இருக்கான்: கோடீஸ்வரன், வால் ஸ்ட்ரீட் பேங்க், மருந்து கம்பெனி. வலதுசாரி பக்கமும் மேல ஒருத்தன் இருப்பான், ஆனா அந்த மேல இருக்கிறவன் வேற யாருக்கோ செல்லம் குடுத்து உன் பங்க அவனுக்குத் தூக்கிக் குடுக்குறான்னு மூணாவதா ஒரு ஆளு வருவான், எல்லை தாண்டி வந்தவன்னோ வேற மதத்துக்காரன்னோ. அந்த மூணாவது ஆளு எந்த இடத்துல உள்ள நுழையுறான்னு பாருங்க, அதுதான் ரொம்ப முக்கியம்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா பர்மாவுல அந்த மூணாவது ஆளா இந்தியாலேந்து வந்த நாம இருந்திருக்கோம். 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல இந்தியக் கூலிங்க, நெறைய பேரு தெலுங்குக்காரங்க, சம்பளம் கேட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க, வெள்ளக்காரக் கம்பெனிங்க பர்மியர்கள கூட்டிட்டு வந்து வேலை வாங்கிட்டு ஸ்ட்ரைக் முடிஞ்சதும் போங்கடான்னு அனுப்பிட்டாங்க, அந்தக் கோபம் கம்பெனி மேல போகவே இல்ல, தெருவுல நின்ன கூலி மேல விழுந்துச்சு. நெல்லு விலை விழுந்தப்ப கடன் கட்ட முடியாத விவசாயி நிலம், வட்டிக்குக் கடன் குடுத்த தமிழ்நாட்டுச் செட்டியார் கைக்குப் போச்சு, 1930கள் கடைசியில கீழ் பர்மாவுல நெல்லு விளையுற முக்கிய மாவட்டங்கள்ல ஏறக்குறைய கால்வாசி நிலம் அவங்ககிட்ட இருந்துச்சு. அந்த விவசாயியோட கோபத்துல நியாயம் இருந்துச்சுங்க. ஆனா வட்டிக்கடைய பாத்து வந்த கோபம் "கலா"ன்னு (பர்மியர் இந்தியர்கள இளக்காரமா கூப்பிடுற பேரு) சொல்ற எல்லார் மேலயும் பரவிடுச்சு, மூட்டை தூக்குனவனும் அதுல மாட்டுனான்.

அமெரிக்காவுலயும் இதே சறுக்கல ஒரே மனுஷன்கிட்ட பாக்கலாம். 1892ல ஒமாஹாவுல விவசாயிங்க சேந்து பீப்பிள்ஸ் பார்ட்டி கொள்கைய அறிவிச்சாங்க, ரயில்வேயையும் பேங்கையும் எதிர்த்து. அதுல ஜார்ஜியாக்காரர் டாம் வாட்சன் கறுப்பு விவசாயியும் வெள்ள விவசாயியும் ஒண்ணா நிக்கணும்னு பேசுனவரு, கட்சி தோத்து வருஷம் போகப்போக கறுப்பர், யூதர், கத்தோலிக்கர் எல்லார் மேலயும் விஷம் கக்குனாரு. அதனால ஒரு ஆள ஒரே வீடியோவுல எடை போடாதீங்க, பழைய பேச்சு புதுப் பேச்சு ரெண்டையும் பாருங்க.

ஓட்டுப் போடுறவங்கள திட்டாம கேளுங்க, இதுவும் முக்கியம். 1994ல மெக்சிகோ, கனடா கூட நாஃப்டாங்கிற வியாபார ஒப்பந்தம் (ஃபேக்டரி வேலை வெளிநாடு போயிடுச்சுன்னு ஜனங்களுக்கு அது மேல கோபம்), 2008ல பேங்குங்க கவுந்தது, பேங்க காப்பாத்த 70,000 கோடி டாலருக்கு சட்டம் போட்டாங்க, வீடு போனவங்கள யாரும் அந்த மாதிரி கண்டுக்கல. 2016 மார்ச்ல மிச்சிகன் மாநிலத்துல, கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்கிற பிரைமரி ஓட்டுல சாண்டர்ஸ் ஜெயிச்சாரு, நவம்பர்ல அதே மிச்சிகன டிரம்ப் வெறும் 10,704 ஓட்டுல எடுத்தாரு. ரெண்டு பேருமே நாஃப்டாவ திட்டுனவங்க, ரெண்டு பேரும் வல வீசுனது அதே ஃபேக்டரி ஊருங்கள்லதான்.

பேச்சோட நிக்காம சட்டசபை ஓட்டையும் தேடிப் பாருங்க. ரிப்பப்ளிகன் செனட்டர் ஜாஷ் ஹாலி 2025ல சாண்டர்ஸ் கூட சேந்து கிரெடிட் கார்டு வட்டி 10% தாண்டக்கூடாதுன்னு மசோதா கொண்டு வந்தாரு, சந்தோஷம். அதே வருஷம் ஏழைங்களுக்கான மருத்துவ உதவித் திட்டம் மெடிகெய்ட வெட்டக்கூடாதுன்னு எழுதுனாரு, ஜூலையில அத வெட்டுற மசோதாவுக்கே ஓட்டும் போட்டாரு. இடது பக்கத்துக்கும் இதே அளவுகோல்தான்: திறந்த எல்லைங்கிறது பெரும் பணக்காரங்க யோசனைன்னு சாண்டர்ஸே 2015ல சொல்லியிருக்காரு. கட்சிப் பேர வச்சு முடிவு பண்ணாதீங்க.

பழகிப் பாக்க ஒரு வீடியோ சொல்றேன். 2025 நவம்பர் 21, வெள்ளை மாளிகையில டிரம்பும் நியூயார்க் மேயரா ஜெயிச்ச ஜொஹ்ரான் மம்தானியும் பக்கத்துல பக்கத்துல. அதுக்கு முன்னாடி மம்தானிய கம்யூனிஸ்ட்னு திட்டுன டிரம்ப் அன்னிக்கு சிரிச்சுப் பேசுறாரு, வாடகை, விலைவாசின்னு ரெண்டு பேரும் ஒரே பேச்சு. பேப்பர எடுத்து எழுதிக்கிட்டே பாருங்க, எங்க ஒட்டுது, வெளியூர்லேந்து வந்தவங்கன்னு பேச்சு வந்தா எங்க பிரியுதுன்னு. மம்தானி பொறந்தது உகாண்டாவுல, அவரு அப்பா 1972ல அந்த நாட்டு சர்வாதிகாரி இடி அமீன் அங்கேந்து துரத்துன இந்தியர்கள்ல ஒருத்தரு. நம்ம ஆளுங்க கடைய அரசாங்கத்துக்கு விட்டுட்டு ரங்கூன்ல கப்பல் ஏறுனது அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி.