இடைவேளைக்குத் திறக்கும் சாப்பாட்டுப் பெட்டி: எங்கே பிழை நடக்கிறது?

காலை ஆறு மணிக்கு ஆவி பறக்கும் புட்டைப் பார்த்துத்தான் பெட்டியைக் கட்டுகிறோம். பிள்ளை அதைத் திறப்பது பத்தரைக்கு. இடையில் நாலரை மணித்தியாலம், ஓட்டோவிலும் வகுப்பறையிலும் திருகோணமலை வெக்கை. பெட்டி அப்படியே திரும்பி வந்தால் பிள்ளையைக் குறை சொல்லுமுன், ஒரு லீவு நாளில் அதே சாப்பாட்டைக் கட்டி மேசையில் வைத்து, பத்தரைக்கு நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரியும்.

சூட்டோடு மூடுவது

சூடான புட்டையோ இடியப்பத்தையோ உடனே மூடினால், ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பச் சொட்டும். இடியப்பம் கட்டியாகும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கிருமி பெருகும். அகலத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே 10 முதல் 15 நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். சொதியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வீட்டில் சாப்பிட மட்டும். பெட்டிக்கு வறுத்த தேங்காய்ச் சம்பலோ, தண்ணீர் வற்றத் தாளித்த கடலையோ போதும். இரவு வெளியே கிடந்த சோற்றைக் காலையில் சூடாக்கிக் கட்டவே கூடாது. சோற்றிலுள்ள சில கிருமிகளின் வித்து வேகும்போதும் சாவதில்லை. அவை உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

பெட்டியைக் குளிராக வைக்க ஒரு சின்ன வழி உண்டு. தண்ணீர்ப் போத்தலைப் பாதி நிரப்பி இரவில் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வையுங்கள். காலையில் மீதியை நிரப்பிச் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒட்டிவைத்தால் பெட்டியும் குளிரும், குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் கிடைக்கும்.

மீனில் விடும் பிழை

கரைவலையில் வரும் சூடையும் கீரியும், பெரிய மீன்களில் சூரையும் நல்ல சத்து. ஆனால் பிடித்தபின் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் சேரும். பொரித்தாலும் அவித்தாலும் அது அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தோல் தடிக்கும், தலை இடிக்கும். 'இவனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது' என்று மீனையே நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. பல தடவை பழுது மீனில்தான், பிள்ளையில் அல்ல. திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பச்சை மீன் கறியைப் பின்னேரச் சாப்பாட்டுக்கு வையுங்கள். பெட்டிக்கு நெத்தலிக் கருவாடு நல்லது: 10 நிமிடம் ஊறவைத்து உப்பைக் கழுவி, மொறுமொறுவெனப் பொரித்தால் முள்ளோடு சேர்ந்து கல்சியமும் போகும்.

கச்சான் காற்று எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கச்சான்தான் (நிலக்கடலை) கைகொடுக்கும். வறுத்தது எளிதில் பழுதாகாது; 30 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதம். முன்பள்ளிப் பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், இடித்துக் கொடுங்கள்.

அளவும் நேரமும்

கை கழுவி, கதைத்து, ஓடி விளையாட இடைவேளையில் இருபது நிமிடமளவுதான். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று இடியப்பம் போதும். மரக்கறிக்கு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று கணக்கு வையுங்கள். இறுக்க மூடியைப் பிள்ளையே திறக்குமா என்று வீட்டில் பாருங்கள். உரிக்காத தோடம்பழம் உரிக்காமலே திரும்பி வரும். கதலி வாழைப்பழம் பிள்ளையே உரிக்கும். வெட்டிய கொய்யாவில் தேசிக்காய் பிழிந்தால் கறுக்காது.

புது உணவை முதன்முதலில் பாடசாலைக்குக் கட்டுவதும் பிழை. பசியும் அவசரமும் கூட்டாளிகளின் பார்வையும் சேர்ந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் வல்லாரையைப் பரீட்சித்துப் பார்க்காது. வீட்டில் ஒரு கரண்டி வீதம் பத்துப் பதினைந்து தடவை வைத்தபிறகே பல பிள்ளைகள் ஏற்கும். ஒரு தடவை துப்பியதோடு கைவிடாதீர்கள். தெரிந்த சாப்பாட்டுக்குள் ஒளிக்காமல் சேர்க்கலாம்: ஒரு கோப்பை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி நறுக்கிய முருங்கையிலை போட்ட கீரைப்புட்டு. 'முடித்தால் சொக்லேட்' என்று பேரம் பேசினால், கீரை தண்டனை, சொக்லேட் பரிசு என்றே பிள்ளை படிக்கும்.

கீரை, பருப்பு, கடலையோடு தேத்தண்ணீர் வேண்டாம். அவற்றின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம். தேசிக்காய் அதற்கு நேரெதிர், சேர உதவும்.

வெறும் பணிஸும் இனிப்புப் பானமும் வாங்கக் காசு கொடுத்துவிட்டு, பெட்டியும் கட்டினால் பெட்டி தோற்கும். பாடசாலையிலேயே சாப்பாடு கொடுத்தால் பெட்டியைச் சிறிதாக்குங்கள்.

பின்னேரம் 'ஏன் சாப்பிடவில்லை' என்று கேட்காமல் மிச்சத்தைப் பாருங்கள். தொடாமல் வந்தால் மூடியையோ மணத்தையோ சந்தேகியுங்கள். பாதி வந்தால் அளவு கூட. கறி மட்டும் மிஞ்சினால் உறைப்பு.