பியட் 1100 வாங்கப் போகிறீர்களா? எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

மூன்று வருடம் தேடினேன். இரண்டு கார்கள் கைநழுவிப் போன பிறகு ஒரு பியட் 1100 டி அமைந்தது. இப்போது கல்லடியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் நிற்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் இந்தக் காரைத் தேடும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன், எஞ்சின் நல்லதா எண்டு எப்படிப் பார்க்கிறது?"

எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். அதற்குப் பாகம் தேடிப் பிடிக்கலாம். உக்கிப்போன உடலையும் பெயர் மாற முடியாத பதிவுப் புத்தகத்தையும் வாங்கிவிட்டால் கையில் இருப்பது கார் இல்லை, கவலைதான்.

படி 1: எந்த 1100 என்று முடிவு செய்யுங்கள்

1100/103 வந்தது 1953இல். அந்த ஆரம்பக் கார்களின் முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் முதல் காராக வாங்க வேண்டாம். 1962இல் வந்த 1100 டியில் 1221 சிசி எஞ்சின் இருக்கும், கியர் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும். 1966இல் வந்த 1100 ஆர் மறுபடி 1089 சிசிக்குத் திரும்பியது. அதில் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், கியர் தரையில்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் தெரிவு டிதான். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் இதே உடலைத்தான் செய்தது. 1970களில் அதற்குப் பத்மினி என்று பெயர் வைத்தார்கள். அதனால் கண்ணாடி ரப்பர் முதல் பிரேக் பாகம் வரை பலவற்றை இந்தியாவிலிருந்து எடுக்க முடிகிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தையிலும் தேடலாம். ஆனால் பாகத்தைக் கையில் கொண்டு போங்கள், படத்தைக் காட்டி வாங்காதீர்கள்.

படி 2: காருக்கு முன் புத்தகம்

புத்தகத்தில் இருக்கும் பெயரும் உங்களுக்கு விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். பழைய கார்கள் "ஓப்பன் பேப்பரில்", அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமலே, நாலைந்து கை மாறியிருக்கும். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வைத்தவர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். எங்கள் பகுதியில் இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாரிசுப் பத்திர வேலை முழுவதையும் விற்பவர் முடித்துத் தந்த பிறகே பணம் கொடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றால் பிறகு பார்ப்பது நீங்கள் மட்டும்தான்.

எஞ்சின் அறைக்குள் அடித்திருக்கும் செசி இலக்கத்தைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்து, படம் எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி அந்தக் காரின் பதிவு விவரத்தையும் எடுத்துவிடுங்கள். வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு நிலுவை இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

படி 3: கதவுக்குக் கீழே குனியுங்கள்

இந்த இடத்தில்தான் என் பணம் போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் காருக்குத் தனிச் செசிச் சட்டம் கிடையாது. உடம்பே செசி. கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் நீளமாக ஒரு பெட்டித் தகடு ஓடுகிறது. காரின் நடுப்பகுதி வளையாமல் நிற்பது பெருமளவு அதன் பலத்தில்தான். மெக்கானிக்மார் அதைச் சில் என்பார்கள், நான் கதவடித் தகடு என்கிறேன். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் ஊர் நம்முடையது. உப்புக் காற்று அந்தப் பெட்டிக்குள் புகுந்தால் கறள் உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே ஒன்றும் இல்லாமல் போயிருக்கும்.

நான் கைவிட்ட இரண்டாவது கார் புதிதாகப் பெயின்ட் அடித்தது. பார்த்த அன்றே முற்பணம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் மெக்கானிக் ஐயாவைக் கூட்டிப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் முன்சில்லுக்குப் பின்னால் ஜக்கை வைத்து ஏற்றினார். கார் எழவில்லை. 'நெறுக்' என்று ஒரு சத்தம், ஜக்கின் தலை தகட்டுக்குள் போய்விட்டது. மண்ணில் செம்பழுப்புச் செதில்கள் கொட்டின. அவற்றோடு பட்டியில் ஊறிக் கல்லாகிப்போன பத்திரிகைத் தாள் ஒரு கட்டி விழுந்தது. ஓட்டையைப் பத்திரிகையால் அடைத்து, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முற்பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவடித் தகடு முழுவதும் நகர்த்துங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். பிறகு திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும், பட்டி 'தொப்' என்று அடங்கும். கடைசியாக, விற்பவரின் சம்மதத்தோடு ஜக்கில் ஒரு பக்கத்தை ஏற்றி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது சுகமாக மூடிய கதவு இப்போது இடித்தால், நடு உடல் வளைகிறது என்று அர்த்தம். என்ன விலை சொன்னாலும் திரும்பி வாருங்கள்.

பெயின்ட் தடிப்பு அளக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. காந்தம், திருப்புளி, டோர்ச், படுத்துப் பார்க்க ஒரு பழைய பாய், இவை போதும். ஜக் மட்டும் நல்ல ட்ரொலி ஜக்காக இருக்கட்டும்.

படி 4: தண்ணீர் கண்டதா?

1978 சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். இந்த மூன்று நேரமும் கார் எங்கே நின்றது என்று நேராகக் கேளுங்கள். நம்மூரில் இது யாரும் தவறாக எடுக்காத கேள்வி. பதில் எதுவானாலும் தரைவிரிப்பைத் தூக்குங்கள், கதவின் அடிமூலையையும் முன்விளக்குக் கிண்ணத்தின் பின்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். சேறு காய்ந்து மாவாகப் படிந்திருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது.

படி 5: இப்போது எஞ்சின்

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போல வெளுத்திருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது. புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்து, தண்ணீர் எண்ணெய்க்குள் கசியும். இது திருத்தக்கூடிய குறை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. 1100 டியில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழிதான், ஒரு இடம் விட்டால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை. அதைத் திருத்தாமல் காரை வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள்.

ஓட்டிப் பார்க்கக் கல்லடிப் புதுப் பாலம் நல்ல இடம். ஏற்றத்தில் கியர் குறைத்துப் பாருங்கள். முதல் கியருக்குச் சின்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பாகம், கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போட்டால் கரகரக்கும், அது பழுதில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது தண்டு சிக்கினால் கியர்த் தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். சின்ன வேலை.

பிறகு சேர்த்தது

கல்முனையிலிருந்து ஒரு வாசகர் பத்மினி பிஸ்டன் செட் வரவழைத்திருக்கிறார், பொருந்தவில்லை. இதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும். பத்மினியில் இருப்பது 1089 சிசி எஞ்சின், 1100 டியில் 1221. இரண்டிலும் பிஸ்டன் ஓட்டம் 75 மில்லிமீற்றர்தான். ஆனால் 1089 சிசியின் உருளை விட்டம் 68, 1221 சிசியின் விட்டம் 72. உடற்பாகம் பொருந்துகிறது என்று எஞ்சின் பாகத்தையும் நம்பி வாங்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பல 1100 டிகளில் எப்போதோ 1089 எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். புத்தகத்தில் 1221 என்று இருக்கும், உள்ளே வேறு எஞ்சின் ஓடும். எஞ்சின் மாற்றம் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று படி 2இலேயே பாருங்கள். பதியாவிட்டால், பதிந்து தரச் சொல்லி விற்பவரிடமே விடுங்கள். பிஸ்டன் வாங்குவதற்கு முன் ஹெட்டைக் கழற்றி உருளையை வேர்னியரால் அளந்து, அந்த அளவைக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். முன்பே உருளை கடைந்திருந்தால் 68உம் வராது 72உம் வராது, கொஞ்சம் கூடத்தான் காட்டும். அந்த ஓவர்சைஸைத்தான் கேட்க வேண்டும்.